பழைய பொருள், புதிய வேலை

மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் வீடுகளில் இருபதாம் தேதிக்கு மேல் ஒரு தனிப் பொருளாதாரம் நடக்கிறது. எது தேவைப்பட்டாலும் உடனே கடைக்கு ஓட மாட்டார்கள். முதலில் பரணைப் பார்ப்பார்கள், பிறகு கட்டிலுக்கு அடியில் பார்ப்பார்கள். வாங்க நினைத்த பொருளின் வேலையை வீட்டிலேயே கிடக்கும் வேறொன்று செய்யுமா என்று யோசிப்பார்கள். பெரும்பாலும் செய்யும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அம்மாவைப் பார்த்து மகளும், பாட்டியைப் பார்த்து அம்மாவும் கற்றுக்கொண்டது.

வருமானம் வரும் வழி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, செலவு போகும் வழி அகலமாகாமல் இருந்தால் கேடில்லை என்ற கருத்தைத் திருக்குறளின் 478-வது குறள் சொல்கிறது. அந்தக் குறள் இருப்பது வலியறிதல் என்ற அதிகாரத்தில். அதாவது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. ஆனால் கஜானா வைத்திருக்கும் அரசனைவிட, அஞ்சறைப் பெட்டியில் சில்லறை ஒளித்து வைக்கும் குடும்பத் தலைவிக்கே அது அதிகம் பொருந்துகிறது.

ஒரு வேட்டியின் பயணம்

பழைய பொருளைப் பயன்படுத்துவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ஒரு பருத்தி வேட்டியைப் பின்தொடர்ந்தால் போதும். புதிதாக இருக்கும்போது அது விசேஷ வீடுகளுக்குப் போகும். கரை வெளுத்த பிறகு வீட்டில் கட்டிக்கொள்ளும் வேட்டி. நடுவில் நைந்து கிழிந்ததும் இரண்டாக வெட்டித் துவட்டும் துண்டாக்குவார்கள். வீட்டில் குழந்தை பிறந்தால் அந்தத் துணிக்குத் திடீரென்று மதிப்பு ஏறிவிடும். பலமுறை துவைத்த பருத்தியைப் போல மெத்தென்று இருக்கும் புதுத் துணி எந்தக் கடையிலும் கிடையாது. அதற்குப் பிறகு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. கடைசியில் மிஞ்சும் வெள்ளைக் கீற்றுகளைத் திரித்து விளக்குக்குத் திரி போடுவார்கள். நூலாக இருந்து துணியானது மறுபடியும் நூலாகி எரிந்து முடிகிறது. ஐந்தாறு வேலைகளுக்கு ஒரே ஒரு முறைதான் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

புடவையும் இப்படித்தான். நூல் புடவை தூளியாகும், தலையணை உறையாகும், ஜன்னல் திரையாகும். நாலைந்து பழம்புடவைகளை அடுக்கி ஓரம் தைத்தால் மழைக்கால ராத்திரிக்கு நல்ல விரிப்பு. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான புத்தியும் இல்லை. வங்காளத்தில் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்ற போர்வை செய்தார்கள். ஜப்பானில் ஏழை விவசாயக் குடும்பங்கள் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுத் தலைமுறை தலைமுறையாக உடுத்திய துணிக்கு போரோ என்று பெயர். அன்று வறுமையின் அடையாளமாக இருந்த இரண்டும் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

பணக்கார நாடுகளுக்கும் இந்த நிலை வந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. கையில் பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாமல் சட்டை வாங்க முடியாது. 1943-இல் அந்த அரசாங்கமே 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டு, கிழிந்ததைத் தைப்பது எப்படி, பழைய உடுப்பைப் பிரித்துப் புது உடுப்பாக்குவது எப்படி என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. துணி ரேஷன் 1949 வரை நீடித்தது. தமிழ்நாட்டுப் பாட்டிகள் எந்தப் புத்தகமும் இல்லாமல் செய்ததை ஒரு பேரரசு புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது!

சமையலறை என்னும் பட்டறை

பழைய சமையலறையில் வீணாகும் பொருள் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்குப் போகும், மாடு இல்லாவிட்டால் செடிக்குப் போகும். சோறு வடித்த கஞ்சி பருத்திப் புடவைக்கு விறைப்புக் கொடுக்கும். ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கை பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பித்தளையிலும் செம்பிலும் படியும் கருமையை அந்த அமிலம் கரைத்துவிடுகிறது. பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியும் இதே வேலையைச் செய்யும்.

தேங்காயைச் சொல்லவே வேண்டாம். பருப்பு சட்னிக்கு, நார் பாத்திரம் தேய்க்க, கொட்டாங்குச்சி அகப்பைக்கு அல்லது வெந்நீர் அடுப்புக்கு. கொட்டாங்குச்சிக் கரி இஸ்திரிப் பெட்டிக்குள் போகும். விறகு அடுப்புச் சாம்பலில் காரத்தன்மை உள்ள உப்புகள் இருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கை அது நன்றாக எடுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விறகு அடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பல் கிடைக்காமல் போயிற்று. பாத்திரம் தேய்க்கும் சோப்பு மளிகைப் பட்டியலில் ஏறியது. குக்கர் வந்ததும் வடிகஞ்சி கிடைக்காமல் போயிற்று. பாக்கெட்டில் கஞ்சி மாவு வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வசதி வரும்போதும் இலவசமாகக் கிடைத்த ஒரு பொருள், காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாறியிருக்கிறது. இதற்காக விறகு அடுப்புக்குத் திரும்பிப் போகச் சொல்ல முடியாது. அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசித்து இருமிய பெண்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் வசதியோடு சேர்ந்து எந்தச் செலவு உள்ளே வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்றைக்கும் எப்போதாவது சோறு வடிக்கும் நாளில் கஞ்சியைக் கீழே கொட்டாமல் ஒரு புடவைக்குப் போட்டால், அந்த மாதக் கஞ்சி மாவு மிச்சம்.

டப்பாவும் பாட்டிலும்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸ் இருந்த நாட்கள் குறைவு. துவரம்பருப்பும் புளியும் இருந்த வருடங்களே அதிகம். அகலமான வாய், இறுகும் மூடி, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி என்று மளிகைச் சாமானுக்காகவே செய்தது போல அது இருந்தது. ஊறுகாய்க்கும் கண்ணாடிதான் நல்லது, புளிப்பும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது. 1937-இல் சந்தைக்கு வந்த டால்டாவின் தகர டின்கள் எத்தனையோ வீட்டு முற்றங்களில் துளசிச் செடி சுமந்தன.

இன்றைய வீட்டுக்கு ஏற்ற சில வழிகளும் உண்டு. கழுவிக் காயவைத்த பால் கவரின் அடியில் இரண்டு ஓட்டை போட்டு மண் நிரப்பினால் நாற்று விடும் பை தயார். தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் சீப்பு, தையல் இயந்திரம், மிக்சி ஜாரின் அடிப்பக்கம் என்று விரல் நுழையாத இடங்களைச் சுத்தம் செய்யும். பஞ்சர் ஒட்ட முடியாத சைக்கிள் டியூபைக் குறுக்காக வெட்டினால் நல்ல ரப்பர் பேண்டுகள், நீளவாக்கில் வெட்டினால் கேரியரில் மூட்டை கட்டும் வார். மழையில் நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சள் பை, காய்கறிக் கடைக்குப் போய் வர வருடக்கணக்கில் உழைக்கும். நடுவில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. சிரித்தவர்கள் இப்போது அதே பையைத் தேடி வாங்குகிறார்கள்.

மாணவர்கள் கவனத்துக்கு

ஒரு கல்வியாண்டு முடியும்போது ஐந்து பாட நோட்டுகளில் தலைக்கு முப்பது பக்கம் எழுதாமல் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150 பக்கம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 300 பக்கம். நடுவில் பிரித்து, தாள்களை அடுக்கி, தடித்த ஊசியால் மூன்று இடத்தில் தைத்து, பழைய அட்டையை ஒட்டினால் அடுத்த வருடக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ரஃப் நோட்டு வந்துவிடும். முன்பெல்லாம் மே மாத விடுமுறையில் பல வீடுகளில் இது ஒரு குடும்ப வேலை. அப்பா தைப்பார், பிள்ளைகள் பசை தடவுவார்கள்.

மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் புத்தகத்துக்கு உறை. தினசரிக் காலண்டரின் அட்டையில் ஒரு கிளிப் மாட்டினால் பரீட்சை அட்டை. கிழித்த தேதித் தாளின் பின்பக்கம் மளிகைப் பட்டியல் எழுத. காந்தியடிகள் தமக்கு வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தில் குறிப்பெழுதியவர். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். நன்றாகச் சம்பாதித்த தொழிலை விட்டுவிட்டு, கிராமத்தில் கிடைப்பதை வைத்து வாழும் பொருளாதாரத்தைப் பற்றி எழுதினார். 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற அவருடைய நூல் சிறையில் எழுதியது. தாளின் மறுபக்கத்தில் எழுதுவது இல்லாதவர் மட்டும் செய்யும் வேலை இல்லை என்பதற்கு இவர்கள் சாட்சி.

பேரீச்சம்பழக்காரர்

வீட்டில் எந்த வேலைக்கும் ஆகாத பொருளையும் தெரு விடவில்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு போனவரிடம் ஓட்டை வாளியைக் கொடுத்துப் பழம் வாங்கித் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருபவரோடு திண்ணையில் நடக்கும் பேரம் ஒரு நாடகத்துக்குச் சமம். நான்கு பேண்ட்டுக்கு ஒரு தூக்குச் சட்டியா, அதோடு ஒரு கரண்டியும் சேருமா என்பதில் அரை மணி நேரம் ஓடிவிடும். செய்தித்தாளும் பால் கவரும் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மறுசுழற்சி என்ற சொல் பாடப் புத்தகத்துக்கு வருவதற்கு முன்பே தள்ளுவண்டியில் அது நடந்துகொண்டிருந்தது.

தண்ணீரும் வீட்டுப் பொருள்தான்

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது, லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்த வீடுகள் ஒரு பாடம் படித்தன. காய்கறி கழுவிய நீர் செடிக்கு. துணி அலசிய கடைசி நீர் கழிப்பறைக்கு. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் நீர் வாளியில் பிடித்துத் தரை துடைக்க. அந்த நீரில் உப்பு அதிகம் என்பதால் செடிக்குத் தினமும் ஊற்றக்கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் செடிக்கும் தரைக்கும் ஆகும். ஆனால் அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். உலோகக் குழாய்களின் மேல் வழிந்து தூசியோடு வரும் நீர் அது. முப்பது ரூபாய் பேட்டரித் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் விலையுள்ள பேட்டரியைக் கெடுத்துக்கொள்ள நேரும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பழைய பொருளுக்குப் புதிய வேலை கொடுப்பதில் உயிருக்கு ஆபத்தான இடங்கள் உண்டு.

முதலாவது, குளிர்பான பாட்டில். ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிய வீடுகளில் அதைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமாக இருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தவழ்ந்து வரும் குழந்தையின் கண்ணுக்கு அது கலர் தண்ணீர். மண்ணெண்ணெய் இன்று குறைந்துவிட்டது. ஆனால் கழிப்பறை ஆசிட், பினாயில், பெயிண்ட் தின்னர் எல்லாம் தண்ணீர் பாட்டிலில் குடியேறியிருக்கின்றன. பெரியவர்களே தாகத்தில் அவசரமாக எடுத்துக் குடித்துவிடக் கூடும். குழந்தை மண்ணெண்ணெயையோ ஆசிட்டையோ குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும், ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை சுடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைவிட எளிய வழி, குடிக்கும் பாட்டிலில் குடிக்காத எதையும் ஒருநாளும் ஊற்றாமல் இருப்பது.

இரண்டாவது, பூச்சிமருந்து டப்பா. எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீரோ தானியமோ வைக்கக் கூடாது. மறுபடி யாரும் எடுக்காதபடி ஓட்டை போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, செய்தித்தாளில் பஜ்ஜி. சூடான எண்ணெய் அச்சு மையை இழுத்துக்கொள்ளும். உணவைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. வாழையிலை இருக்கும் ஊரில் இதற்கு என்ன அவசரம்?

நான்காவது, பொரித்த எண்ணெய். ஒருமுறை வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்துவது வேறு. கறுத்து, நுரைத்து, நாற்றமடிக்கும் வரை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது வேறு. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. மூக்கும் கண்ணும்தான் கருவி.

ஐந்தாவது, மொட்டை மாடி. எப்போதாவது உதவும் என்று போட்டு வைத்த டின், டயர், கொட்டாங்குச்சியில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால், பத்து வருடம் சேர்த்த சிக்கனமும் ஒரே பில்லில் போய்விடும். பயன்படுத்தாமல் சேர்த்து வைப்பதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

உண்மையிலேயே மிச்சமா?

தொலைக்காட்சியிலும் இணையத்திலும் காட்டும் அலங்கார வேலைகள் பல, செலவைக் குறைப்பதில்லை. பழைய பாட்டிலுக்கு இருநூறு ரூபாய்க்குப் பெயிண்டும் பசையும் சரிகையும் வாங்கி ஒட்டினால் அழகான பூச்சாடி கிடைக்கலாம். அது பொழுதுபோக்கு, தவறில்லை. ஆனால் மிச்சம் என்று கணக்கில் எழுத முடியாது. மிச்சமா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். இந்தப் பழைய பொருள் இல்லாவிட்டால் கடையில் இதற்குப் பதிலாக ஏதாவது வாங்கியிருப்போமா? இதை மாற்றியமைக்க வேறு செலவு இருக்கிறதா? உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் வேலை செய்யுமா? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை, மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் அது உண்மையான மிச்சம்.

இந்தக் கணக்கில் யாரும் எழுதாத இன்னொரு செலவும் இருக்கிறது. தைப்பது, பிரிப்பது, கழுவிக் காயவைப்பது எல்லாம் யாருடைய நேரம்? பெரும்பாலும் அம்மாவுடையது. குடும்பமே சேர்ந்து மிச்சப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ளும் பணத்தில் பாதி, மதியத் தூக்கத்தை விட்டு அவர் உட்கார்ந்து செய்த வேலை. ஆகவே சிக்கனம் வேண்டும் என்று சொல்பவர் ஊசியில் நூல் கோர்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

வளரும் பெண்ணுக்குப் பள்ளிப் பாவாடை தைக்கும்போது அடியில் மூன்று விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து, வருடா வருடம் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் சாயம் போகாத ஒரு பட்டை தெரியும். வகுப்பில் எல்லார் கண்ணுக்கும் அது தெரியும். அந்தப் பட்டையை மறைக்கப் புத்தகப் பையை முன்னால் தொங்கவிட்டு நடந்த பெண்கள் ஏராளம். சில அம்மாக்கள் அதே இடத்தில் ஒரு வரி ரிப்பனோ பின்னலோ வைத்துத் தைத்துவிடுவார்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு குழந்தை தலைகுனிந்து போகிறது, இன்னொன்று நிமிர்ந்து போகிறது.

கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கஞ்சன் காசை மட்டும் பார்க்கிறான். சிக்கனமானவர் காசோடு, அந்தப் பொருளை உடுத்தப்போகிற, சாப்பிடப்போகிற மனிதரையும் பார்க்கிறார். தனக்குப் பழைய புடவையை ஒட்டுப் போட்டுக்கொண்டு, மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டிய தாய்க்கு எது செலவு, எது மிச்சம் என்று நன்றாகத் தெரியும்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். பால் கவரிலும் காலண்டர் அட்டையிலும் மிஞ்சும் காசில் யாரும் மாளிகை கட்டப் போவதில்லை. ஆனால் மாதக் கடைசியில் கடன் கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க அது போதும். அடுத்த முறை ஒரு பொருளைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். இன்னும் ஏதாவது ஒரு வேலை அதில் பாக்கி இருக்கும்.